தேத்ரே குன்றில் ஒரு புள்ளிகூட விழாத காரணம்

அனுப்புநர்:
மெர்லே ஹாவிக்,
ஊர்ப் பொறுப்பாளர் (சம்பளமில்லாப் பதவி),
பிஹ்லா பண்ணை, சிர்காஸ்டே கிராமம்,
குர்க்லா ஊராட்சி, தென்கிழக்கு எஸ்டோனியா.

பெறுநர்:
திரு. ராஸ்முஸ் ஓயவேர் அவர்கள்,
நிலத் திட்ட அலுவலர்,
குர்க்லா ஊராட்சி அலுவலகம்.

பொருள்: காட்டு வரைபடத்தில் சிர்காஸ்டே மக்கள் இட்ட பச்சைப் புள்ளிகள் அனைத்தும் பொய் என்று ஒப்புக்கொண்டு, தேத்ரே குன்றைச் சரளைக்கல் குவாரிக்கு விடும் முடிவை நிறுத்திவைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. ஊராட்சியின் "நம் காடு, நம் சொல்" இணையதளம்.
2. நடுக்கோடைத் தீ விழாவில் தாங்கள் எங்களைப் பாராட்டி ஆற்றிய உரை.
3. நான் தொலைபேசியில் அழைத்தபோது தாங்கள் பொறுமையாகச் சொன்ன பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நகரத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். இடது பக்கம் விளக்குப் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புகிறவர்களை நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவள். ஆகவே எங்கள் ஊர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை வேறு எவரையும்விட முன்னதாக நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளவில்லை. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பது காரணம்.

2. வசந்த காலத்தில் மேற்படி இணையதளத்தைத் தாங்கள் திறந்துவைத்தபோது அதிகம் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. காட்டை என்ன செய்வது என்று ஊராட்சி தானே முடிவு செய்து கடைசியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போகாமல், முதலிலேயே எங்களைக் கேட்டது. மடிக்கணினியையும் அடையாள அட்டை சொருகும் கருவியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்தேன். மூன்றாவது வீட்டிலேயே போதும் போதும் என்றாகியும் நிறுத்தவில்லை. டிராக்டர் வைத்திருக்கும் எண்டெல் மட்டும் வாசலிலேயே மடக்கினார்: "ஏன் மெர்லே, போன தடவ ரோட்டப் பத்திக் கேட்டாங்க, சொன்னோம். ரோடு வந்துச்சு, சரி. நான் கேட்ட பக்கமா வந்துச்சா?" அவரையும் உட்காரவைத்து, மறந்துபோன இரகசிய எண்ணை அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி, உள்ளே நுழைய வைத்தேன்.

3. ஒவ்வொருவருக்கும் ஐந்து பச்சைப் புள்ளிகள். மனதுக்குப் பிடித்த இடத்தில் புள்ளி வைக்கலாம். புள்ளிகள் அதிகம் விழும் இடம் காக்கப்படும், விழாத இடம் வேறு பயன்பாட்டுக்குப் போகும் என்று முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது. புள்ளியைத் தொட்டால் அதை வைத்தவர் பெயர் தெரியும் என்றும் எழுதியிருந்தது. ஒளிவுமறைவு கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அந்த ஏற்பாட்டைச் செய்ததாகத் தாங்கள் பின்னர் கூறினீர்கள். அந்த நல்ல எண்ணம்தான், ஐயா, எங்களைக் கவிழ்த்தது.

4. தாங்கள் தலைநகரில் பிறந்து வளர்ந்தவர். எனவே ஒன்றை விளக்க அனுமதிக்க வேண்டுகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம், வயதைக் கேட்கலாம், யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்றுகூடக் கேட்கலாம். காளான் எங்கே பறித்தீர்கள் என்று கேட்கக் கூடாது. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால், அவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்க எங்களிடம் ஒரு பதில் தயாராக உண்டு: "ஹல்லசோ பக்கம்." ஹல்லசோ என்பது ஊருக்கு மேற்கே உள்ள சதுப்பு. அங்கே காளான் கிடையாது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். கேட்டவர் தலையாட்டிவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். எங்கள் ஊரில் இது மரியாதை. இந்த ஒரு பதிலால் பல சண்டைகள் நடக்காமல் போயிருக்கின்றன.

5. இந்த நிலையில் ஊராட்சி திடீரென்று எங்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில், பெயர் போட்டு, ஊரறிய, காட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டது. நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலையே சொன்னோம்.

6. என் வாக்குமூலம்: என்னுடைய ஐந்து புள்ளிகளையும் ஹல்லசோவில் வைத்தேன். ஒரே இடத்தில் குவித்தால் சந்தேகம் வரும் என்று சற்றுப் பரவலாக வைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் தார்மோவும் அப்படியே வைத்தார். இருவரும் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காதது போல் இருந்தோம். தங்கள் மாமியார் லெய்டா அம்மையார், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் உதவிகூட இல்லாமல் தாமே தளத்தில் நுழைந்து ஐந்தையும் ஹல்லசோவின் நட்டநடுவில், எவராலும் நிற்க முடியாத தண்ணீரின் மேல் வைத்திருக்கிறார். தாங்கள் அவரிடம் சாப்பாட்டு மேசையில் விசாரித்ததாகவும், அவர் சொன்ன பதில் தங்களை மிகவும் நெகிழவைத்ததாகவும் விழாவில் குறிப்பிட்டீர்கள். அவர் என்னிடம் சொன்னபடி அந்தப் பதில் இதுதான்: "மாப்பிள, ஹல்லசோவுக்கு ஒரு தடவ போய்ப் பாருங்க. திரும்பி வரணும்னே தோணாது." அங்கே பூட்ஸ் புதைந்துகொண்டால் திரும்பி வர முடியாது என்பதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

7. குழந்தைகள் குளிர்காலம் முழுவதும் பனிச்சறுக்குப் பலகையில் இறங்கும் சரிவு தேத்ரே குன்றில்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு புள்ளிகூட விழவில்லை. அங்கே புள்ளி வைக்கப் போன என் தங்கை மகளை, "குன்றுப் பக்கம் யார் கண்ணும் போகக் கூடாது, வேற எங்கயாவது வை" என்று தடுத்தது யார் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான்தான்.

8. விளைவு தாங்கள் அறிந்ததே. ஊராட்சியிலேயே அதிகம் பேர் பங்கேற்ற கிராமம் என்று சிர்காஸ்டே முதலிடம் பெற்றது. நடுக்கோடைத் தீ விழாவுக்குத் தாங்கள் நேரில் வந்து, பாராட்டுப் பலகையும் வாதுமைப் பருப்பு தூவிய ஒரு பெரிய இனிப்பு ரொட்டி வளையமும் தந்தீர்கள். நாங்கள் கைதட்டினோம். பிறகு தாங்கள் திட்டத்தை வாசித்தீர்கள். மக்களின் பேரன்பைப் பெற்ற ஹல்லசோ சதுப்பில் மரப்பாதை, காட்சிக் கோபுரம், பேருந்துகள் நிற்க இடம், உட்கார்ந்து ரசிக்க இருக்கைகள். எவரும் சீண்டாத தேத்ரே குன்றை வெட்டிச் சரளைக்கல் எடுக்கலாம், ஊராட்சிச் சாலைகளுக்கு ஆகும். நெருப்பு படபடவென்று எரிந்தது. அதைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. தாங்கள் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டீர்கள் என நினைக்கிறேன். எங்களுக்குப் பேயறைந்தது போல இருந்தது. ஆனாலும் ரொட்டியைத் தின்று தீர்த்துவிட்டோம். பலகையைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறோம், ரொட்டியைத் தர இயலாது.

9. அடுத்த வாரம் அளவெடுக்க வந்த தங்கள் அலுவலக வேன், ஹல்லசோவின் ஓரத்தில் கதவு வரைக்கும் இறங்கியது. எண்டெல் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார். வேனில் வந்த பெண் அலுவலர், சேறு வழியும் உடையோடு, இந்த இடத்தில் மக்களுக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று அவரிடம் கேட்டிருக்கிறார். ஊரின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எண்டெல் தலையில் விழுந்தது. "கொசுவுக்குப் பயந்து யாரும் வர மாட்டாங்க பாருங்க, அதனால அமைதியா இருக்கும்" என்றாராம். அந்த அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். திட்ட அறிக்கையின் அடுத்த பதிப்பில் "மக்கள் இங்கே தனிமையின் அமைதியை நாடுகின்றனர்" என்று அது இடம்பெற்றிருப்பதைப் படித்தோம்.

10. உடனே தங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். குன்று எங்களுக்கு மிகவும் வேண்டிய இடம் என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். காற்று நன்றாக இருக்கும் என்றேன். தாங்கள் மரியாதை குறையாமல், "மெர்லே, நான் உங்கள நம்பறேன். ஆனா தரவு வேற மாதிரி சொல்லுதே. அங்க ஒரு புள்ளிகூட இல்ல. ஊராட்சி மன்றத்துல நான் எதக் காட்டறது, உங்க காத்தையா?" என்றீர்கள். கருத்துச் சொல்லும் காலம் முடிந்து வரைபடம் பூட்டப்பட்டுவிட்டதையும், இனிக் கூட்டு மனு ஒன்றே வழி என்பதையும், அந்த மனு கையொப்பமிட்டவர்களின் பெயர்களோடு தளத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும் என்பதையும் தெரிவித்தீர்கள். தங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் விளக்கு எரியும் பக்கம்தான் கார் திரும்பும் என்று நம்பியிருப்பேன்.

11. இனி எழுதப்போவது எங்கள் குடும்ப விஷயம். மனுவுக்கு அவசியம் என்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் என் கணவரும் வழக்கம்போல் எங்கள் நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் முகம் தொங்கிக் கிடந்தது. "குன்னு நல்ல குன்னு" என்றார் அவர். "ஆமா, நல்ல குன்னுதான்" என்றேன் நான். ஆவி கிளம்ப அடுப்புக் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார். இன்னொரு முறையும் ஊற்றினார். சூடு தாங்காமலோ துக்கம் தாங்காமலோ நான் சொல்லிவிட்டேன்: "தார்மோ, எனக்கு அங்க ஒரு இடம் இருக்கு." அவர் நிமிராமல், "எனக்கும் இருக்கு" என்றார்.

நாங்கள் திருமணம் செய்துகொண்ட காலத்திலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். வங்கிக் கணக்கு ஒன்று, பல் துலக்கும் பசை ஒன்று. காளான் இடம் மட்டும் அவரவருக்கு. எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவர் மர அறுவை ஆலை வேலைக்குப் போகும் முன் விடியலில் போவார். நான் பயிற்சி வகுப்பு முடிந்து மாலையில் போவேன். கூடையோடு வீடு திரும்பும்போது நான் ஹல்லசோ என்பேன், அவரும் ஹல்லசோ என்பார், இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு வதக்குவோம்.

அன்று முதன்முறையாக அவர் இடத்தின் அடையாளத்தைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் மொள்ள நான் எடுத்திருந்த அகப்பை தரையில் விழுந்தது. "அட பாவி! வருஷா வருஷம் எனக்கு முன்னாடி வந்து வெட்டிட்டுப் போற அந்தத் திருட்டுக் கை உன்னோடதா?" என்றேன். நான் அந்த முகமறியாத திருடனைத் திட்டாத கோடை இல்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? எவளோ ஒருத்தி சாயந்தரம் வந்து மிச்சத்தச் சுரண்டிட்டுப் போறான்னு வயிறெரிஞ்சுட்டு இருந்தேன். ஆனா ஒண்ணு சொல்லணும். வெட்டின இடத்தப் பாசியால மூடிட்டுப் போவா. நல்லா வளர்ந்தவ போலன்னு நெனச்சுக்குவேன்" என்றார். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. அந்தத் திருடனை அன்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

12. மறுவாரம் ஊர்ப் பொதுக்கூடத்தில் கூட்டம் கூட்டினேன். எல்லோரும் குன்றைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். காரணத்தை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒருவருக்கு அங்கிருந்து தெரியும் சூரிய அஸ்தமனம் பிடிக்குமாம். எண்டெலுக்குக் காற்று. என்னைப் போலவே அவருக்கும் காற்றுதான் கிடைத்தது. லெய்டா அம்மையார், "எனக்கு அங்க இருக்கற ஒரு மரங்கொத்தி மேல பிரியம்" என்றார். எந்த மரங்கொத்தி என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கு மரியாதை தெரியும். இப்படியே போனால் ஊராட்சி மன்றம் குன்றை வெட்டி முடித்த பிறகும் நாங்கள் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம் என்று புரிந்தது. எழுந்து நின்று, "எனக்கு அங்க சேவல் காளான் இடம் இருக்கு. எம் புருஷனுக்கும் அதே இடம்தான்" என்றேன்.

முதலில் லெய்டா அம்மையார்தான் கைத்தடியைத் தட்டினார். "எங்க வீட்டுக்கு நான் மருமகளா வந்தப்ப மாமியார் நகை எதுவும் போடல. குன்னுக்குக் கூட்டிட்டுப் போய் இடத்தக் காட்டினாங்க. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன், போதுமா" என்றார். அவ்வளவுதான், மடை திறந்தது. எல்லோருக்கும் அதே குன்று. பாதிப் பேருக்கு அதே சரிவு. இத்தனை காலம் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் எப்படி இருந்தோம் என்று வியந்தபோது எண்டெல் ஒப்புக்கொண்டார்: "ஒரு தடவ ஜூனிப்பர் புதர்ல வெகுநேரம் உக்காந்திருந்தேன், லெய்டாக்கா போகட்டும்னு." லெய்டா அம்மையார், "அடப் போடா, நீ போவேன்னுதான் நான் இந்தப் பக்கத்துப் புதர்ல குந்தியிருந்தேன். முழங்கால் அன்னைக்குப் போனதுதான், இன்னும் சரியாகல" என்றார். கூடத்தின் கூரை அதிரச் சிரித்தோம். தாங்கள் அன்று வந்திருந்தால் மக்கள் பங்கேற்பு என்றால் என்னவென்று நேரில் பார்த்திருப்பீர்கள்.

13. அதன்பின் அங்கேயே அடையாள அட்டைகளைச் சொருகி எல்லோரும் இம்மனுவில் கையொப்பமிட்டனர். ஊராட்சி விதி கேட்கும் எண்ணிக்கைக்கு மேலேயே இருக்கிறது. கையொப்பமிடுவது குன்றில் தனக்கு இடம் உண்டு என்று ஊரறிய ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதை ஒவ்வொருவரும் அறிந்தே இட்டார்கள். எண்டெல் மட்டும் தமது பெயருக்கு எதிரே "எனக்கு அங்கே ஒன்றுமில்லை, காற்றுக்காகக் கையொப்பமிடுகிறேன்" என்று குறிப்பு எழுத வேண்டும் என்றார். எழுதியிருக்கிறோம். தாங்கள் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

14. "தரவு பொய் சொல்லாது" என்று தங்கள் உரையில் ஒரு வரி இருந்தது. உண்மைதான், பொய் சொன்னது நாங்கள். ஆனால் ஒன்றைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஓர் இடத்தில் புள்ளி விழாமல் போக இரண்டு காரணங்கள் இருக்கலாம். அது யாருக்கும் வேண்டாத இடமாக இருக்கலாம், அல்லது எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் இடமாக இருக்கலாம். ஊரை ஒட்டி, நடந்து போகும் தூரத்தில், நல்ல பைன் மரங்களோடு இருக்கும் ஒரு குன்றைப் பற்றி ஊரே காதும் காதும் வைத்தாற்போல் இருந்தால், அந்த வெற்றிடத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வந்தால் கார்கள் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். நாங்கள் காரை எதிர்த்திசையில் நிறுத்திவிட்டுச் சுற்றி நடந்துதான் போவோம்.

15. ஆகவே எங்கள் வேண்டுகோள்கள்:

(அ) இம்மாதக் கடைசி வியாழக்கிழமை மன்றத்தின் முன் வரவிருக்கும் தேத்ரே குன்றுக் குவாரித் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும். குன்றை ஒருமுறை வெட்டிவிட்டால் எங்கள் பேரப்பிள்ளைகள் வரை யாராலும் அதைத் திருப்பி வைக்க முடியாது. சரளைக்கல் வேறு எங்காவது கிடைக்கும். சேவல் காளானை நட்டு வளர்க்க முடியாது, அதற்குப் பிடித்த இடத்தில் அதுவாகத்தான் வரும்.

(ஆ) ஹல்லசோவின் காட்சிக் கோபுரத்தைக் கைவிட வேண்டும். அங்கே கொக்குகள் கூடு கட்டுகின்றன, அவற்றுக்கு எங்கள் அன்பு தேவையில்லை. மேலும் பேருந்து பேருந்தாக மக்கள் அங்கே போகத் தொடங்கினால், இனி யாராவது காளான் எங்கே என்று கேட்கும்போது சொல்வதற்கு எங்களிடம் இடம் இருக்காது.

(இ) எங்கள் கிராமத்துக்கு மட்டும் வரைபடத்தை ஒரு வாரம் மீண்டும் திறக்க வேண்டும். இம்முறை புள்ளி வைத்தவர் பெயரும், புள்ளி விழுந்த சரியான இடமும் அலுவலகத்துக்கு மட்டும் தெரியட்டும். ஊருக்கு "இந்தக் குன்று வேண்டியவர்கள் உண்டு" என்ற அளவில் தெரிந்தால் போதும். ஓட்டுப் பெட்டிக்குத் திரை கட்டியிருக்கிறோம், காளானுக்கும் ஒரு திரை கட்டுவதில் தவறில்லை.

(ஈ) எது எப்படிப் போனாலும், எங்கள் பொய்யைக் காரணம் காட்டி இணையதளத்தை மூடிவிட வேண்டாம். இதுதான் நான் அதிகம் அஞ்சுவது. மக்களைக் கேட்டால் இப்படித்தான் உளறுவார்கள், இனிக் கேட்கவே வேண்டாம் என்று மன்றத்தில் சிலர் சொல்லக்கூடும். கேட்கப்படுவது எங்களுக்குப் புதிது. என் மாணவர்கள் முதல் வாரம் வண்டியைப் பள்ளத்தில் இறக்குகிறார்கள் என்பதற்காக அவர்களிடமிருந்து சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டால் ஒருவரும் ஓட்டக் கற்க மாட்டார். எங்களையும் இன்னொரு முறை ஓட்ட விடுங்கள்.

16. "உங்க காத்தையா காட்டறது" என்று தாங்கள் கேட்டதற்கு இப்போது பதில் தருகிறேன். முன்பு பால் கேன்களை வைத்த சாலையோர மேடையிலிருந்து குன்றின் மேல் ஏறும் ஒற்றையடிப் பாதை. இடிந்த கிணற்றைத் தாண்டியதும் வளைந்த பிர்ச் மரம். அதற்கு இடப்புறம் வடக்கு பார்த்த சரிவு, முழங்கால் உயரப் பாசி. மழை பெய்த மூன்றாம் நாள் போனால் சரிவு முழுவதும் சேவல் காளான் மஞ்சளாகப் பூத்திருக்கும். வெட்டிய காளான் அடிகள் சில திறந்து கிடக்கும், அவை என் கணவருடையவை. பாசியால் மூடியிருப்பவை என்னுடையவை. இந்த மனு தளத்தில் வெளியாகும் நாளிலிருந்து இந்த இடம் எங்களுடையது மட்டுமாக இருக்காது என்பதை அறிவேன். இருந்தாலும் குன்று மிஞ்சினால் போதும், காளான் பங்கு குறைந்தாலும் பரவாயில்லை என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். கட்டிய கணவனிடம்கூட இத்தனை காலம் சொல்லாததை ஊராட்சிக்குச் சொல்லிவிட்டேன், ஐயா. இதைவிடப் பெரிதாகப் பங்கேற்க என்னிடம் ஒன்றுமில்லை.

17. இவ்வளவுக்குப் பிறகும் தங்களுக்கு ஐயம் இருந்தால், ஆதாரத்துக்காகத் தாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தங்கள் துணைவியார் காத்ரி எங்கள் ஊரில் பிறந்தவர், லெய்டா அம்மையாரின் ஒரே மகள். கடந்த ஜூலையில் தங்கள் வீட்டு மேசையில் புது உருளைக்கிழங்கும், சதகுப்பைத் தழை தூவிய சேவல் காளான் குழம்பும் வந்திருக்கும் என்று நம்புகிறேன். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அது எங்கே பறித்தது என்று அவரிடம் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்.

"ஹல்லசோ பக்கம்" என்று பதில் வந்தால், எங்கள் மனுவில் உள்ளது அனைத்தும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொண்டு, அந்தக் கடைசி வியாழக்கிழமைக்குள் ஆவன செய்யுமாறு ஊர் மொத்தமும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சிர்காஸ்டே
நாள்: 19.08.2024

இம்முறை உண்மையையே எழுதியிருக்கும்,
மெர்லே ஹாவிக்
(மின்னணுக் கையொப்பம் இடப்பட்டது)